கார்னர் பிளாட்

செப்டம்பர் 29, ஞாயிறு

குடியிருப்போர் சங்கக் கூட்டம் எங்கள் மொட்டைமாடியில் நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் பேசினார்கள். கேட்டது நான் ஒருத்திதான், அதுவும் குறிப்பெடுக்க வேண்டியிருந்ததால்.

விஷயம் வருடா வருடம் உள்ளதுதான். நகருக்குத் தெற்கே ஏரி. அது நிரம்பினால் வழியும் தண்ணீர் போக்குக் கால்வாயில் இறங்கி, எங்கள் தெருவின் பின்பக்கமாக வளைந்து, அடுத்த ஊர் ஏரிக்குப் போக வேண்டும். போவதில்லை. எங்கள் கூடத்துக்கு வருகிறது. போன கார்த்திகையில் எங்கள் ஃப்ரிட்ஜ் மல்லாந்து மிதந்தது. எதிர்வீட்டு ரெஜினா டீச்சரின் டியூஷன் பெஞ்சுகள் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பின.

அப்பாதான் சங்கச் செயலாளர். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது. "ரெக்கார்டுபடி கால்வாய் முப்பதடி. இப்ப போய் நின்னு பாருங்க, பத்தடி தேறுமா? மீதி இருபதடிய முழுங்கினது யாரு?" என்றார்.

"மண்டபக்காரன்!" என்று மாடியே சொல்லிற்று. கால்வாயின் அக்கரையில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது.

"போன முகூர்த்தத்துல ரெண்டாவது கப்பு பாயசம் கேட்டு வாங்கினப்ப யாருக்கும் இருபதடி ஞாபகம் வரலியே" என்றார் ரெஜினா டீச்சர். அப்பாவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

மனு எழுதுகிற வேலை என் தலையில். பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்க்கிறவள் என்பதால் எனக்கு எதையும் எழுத வரும் என்று ஒரு நம்பிக்கை. "நறுக்குன்னு எழுதும்மா" என்றார் அப்பா. எழுதினேன். 'ஆக்கிரமித்தவர் யாராக இருந்தாலும் தயவு தாட்சண்யமின்றி அகற்ற வேண்டும்.' 'யாராக இருந்தாலும்' என்பதை அப்பா இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார்.

அக்டோபர் 4, வெள்ளி

மனு போயிற்று. மாவு புளிக்கவில்லை என்று அம்மா வானிலையைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அக்டோபர் 9, புதன்

இவ்வளவு சீக்கிரம் வருவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சர்வேயர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். முக்காலியில் ஒரு கருவியை நிறுத்தி அளந்துகொண்டே போக, தெருவே ஊர்வலமாகப் பின்னால் போயிற்று, நேராக மண்டபத்துக்கு.

மண்டபத்தின் சுவர் சரியான இடத்தில் இருக்கிறது. "ரெண்டடி உள்ள தள்ளியே கட்டியிருக்காங்க சார்" என்றார் சர்வேயர். பந்தியில் சாப்பாடு தீர்ந்துபோயிற்று என்று கேட்டவர்கள் மாதிரி கூட்டம் கலைந்தது.

பிறகு அவர் இந்தப் பக்கம் அளந்தார். எங்கள் வீட்டுப் பின்பக்கம் கொஞ்ச நேரம் நின்றார். அப்போது நானும் அப்பாவும் மட்டும்தான் இருந்தோம். மோர் கொடுத்தேன். "அந்த மனு யாருங்க எழுதினது? நல்லா இருந்துச்சு" என்றார்.

நான் என்று சொல்லவில்லை. வெயில் அதிகம்.

அக்டோபர் 10, வியாழன்

அம்மா பின்சுவரில் போர்வை காயப் போட்டிருக்கிறாள். காலையிலிருந்து தூறல். எடுக்கச் சொன்னேன். "கிடக்கட்டும்" என்றாள்.

அக்டோபர் 12, சனி

போர்வைக்குக் கீழே சிவப்புப் பெயின்டில் ஓர் அம்புக்குறி இருக்கிறது. இங்கேயும் எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது.

கால்வாயின் எல்லை எங்கள் பின்சுவரில் நுழைந்து, துவைக்கிற கல்லைத் தாண்டி, என் அறையை முழுவதும் வளைத்துக்கொண்டு, முருங்கை மரத்தடியில் வெளியேறுகிறது. மற்ற இடங்களில் இருபதடியை விழுங்கியது மண்ணும் குப்பையும் சீமைக்கருவேலமும். வாரிவிடலாம். கட்டடம் என்று இருப்பது எங்களுடையது ஒன்றுதான். அதுவும் கால்வாய் திரும்புகிற மூலையில், குழாய்க்குள் அடைத்த பழந்துணி போல. 'கார்னர் பிளாட்' என்று அப்பா இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த மூலை இதுதான்.

என் அறை வீட்டோடு சேர்ந்ததில்லை. நான் பெங்களூரிலிருந்து திரும்பிய வருடம் அப்பா பின்பக்கம் ஒட்டிக் கட்டியது. அந்த வருடத்தைப் பற்றி இந்த நோட்டில் எழுதுவதில்லை. மூன்று சுவரிலும் புத்தகம், ஒரு ஜன்னல், ஒரு மேஜை, உள்பக்கம் தாழ்ப்பாள். நதிகள் பழைய தடத்தை மறப்பதில்லை என்று ஒரு நிலவியல் புத்தகத்தில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். அடிக்கோடிட்டது இந்த அறையில் உட்கார்ந்துதான்.

அக்டோபர் 15, செவ்வாய்

அப்பா அறை வாசலில் வந்து நின்றார். "ஒரு ஆட்சேபணை எழுதணும்மா."

"எதுக்குப்பா?"

"சர்வேக்கு."

"நம்ம மனு மேல வந்த சர்வேக்கு நாமே ஆட்சேபணையா?"

"மனு சங்கத்து மனு. இது நம்ம வீட்டு மனு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே."

எரிச்சல் தாங்கவில்லை. இந்த மனிதருக்கு வெட்கம் என்பதே கிடையாதா என்று நினைத்துக்கொண்டே கணினியைத் திறந்தேன். 'மேற்படி கால்வாய் நெடுங்காலமாக நீரோட்டமின்றி வழக்கொழிந்து கிடப்பதால்' என்று ஆரம்பித்தேன். நெடுங்காலம் என்பது பதினோரு மாதம். விசாரணை முடியும்வரை எந்த நடவடிக்கையும் கூடாது என்று முடித்தேன்.

நன்றாக வந்திருக்கிறது. என் எழுத்திலேயே ஒரு தவறும் திருத்த வேண்டியில்லாமல் வந்தது இதுதான் என்பது கூடுதல் எரிச்சல்.

அக்டோபர் 20, ஞாயிறு

கூட்டம். கால்வாய் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. "கவர்மென்ட்ட நம்பிப் பிரயோஜனமில்ல. அவனவன் வீட்ட அவனவன் தூக்கிக்க வேண்டியதுதான்" என்றார். வீட்டை அஸ்திவாரத்தோடு அறுத்து, ஜாக்கி வைத்து உயர்த்துவது இப்போது இந்தப் பக்கமெல்லாம் நடக்கிறது.

"எத்தன அடி சார்?" என்றார் பக்கத்து வீட்டு வைத்தியலிங்கம்.

"நாலடி."

"அப்ப நாங்க அஞ்சு."

ரெஜினா டீச்சர் கையைத் தூக்கினார், வகுப்பில் தூக்குவதுபோல. "சார், அளந்தாங்களே, அது என்னாச்சு?"

"ரிப்போர்ட் வரும் மேடம்."

"எங்களால தூக்க முடியாது. இவரு கால் வைத்தியத்துக்கே எல்லாம் போகுது. நீங்க எல்லாரும் மேல போயிட்டா தண்ணி எங்க போகும்னு ஒரு கணக்குப் போட்டீங்களா?"

யாரும் போடவில்லை. நான் குறிப்பேட்டில் 'விவாதம் நடைபெற்றது' என்று எழுதினேன்.

அக்டோபர் 24, வியாழன்

ஜாக்கி பெருமாள் ஆட்களோடு வந்துவிட்டார். "கவலையே படாதீங்க சார், உள்ள மேடம் காபி குடிச்சிட்டே இருக்கட்டும், டம்ளர் ஆடாது" என்றார். மழைக்காலம் தொடங்கிவிட்டது, இப்போது போய் வீட்டைத் தூக்குகிறோமே என்றேன். "மழைக்கு முன்னாடிதான் குடை வாங்கணும்" என்றார் அப்பா.

வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறோம். வாசல்படி போய்விட்டது, ஒரு பலகையில் ஏறி இறங்குகிறோம். அம்மா பலகையில் கால் வைக்கும்போதெல்லாம் ஒரு தெய்வத்தைக் கூப்பிடுகிறாள். ஒரே தெய்வத்தை அடுத்தடுத்துத் தொந்தரவு செய்வதில்லை.

என் அறைக்கு ஜாக்கி கிடையாது. "அது தனிக் கட்டடம், அஸ்திவாரமும் இல்ல, தூக்குனா பொரிகடலை மாதிரி உதிர்ந்துடும்" என்றார் பெருமாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வீடு ஒன்றரை அடி உயர்ந்திருக்கிறது. ரெஜினா டீச்சருக்கு அதிரசம் கொடுக்கப் போனேன். டீச்சரின் கணவர் அருளப்பன் சார் கட்டிலில் காலைத் தலையணைமேல் நீட்டியிருந்தார். சர்க்கரைப் புண். ஈரம் படவே கூடாது, பட்டால் விரல்களை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். "எனக்கு ஒண்ணு குடு தமா, அவ பாக்கல" என்று என்னிடம் கை நீட்டினார். டீச்சர் முதுகைத் திருப்பாமலே, "பாக்குறேன்" என்றார்.

"உன் மனு வேலை செய்யுதுடி. வர்ற வாரம் ஜேசிபி வருதாம், ஏரியிலேர்ந்து தூர் வாரிட்டே வராங்களாம். உன்னாலதான்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டிருக்கேன்" என்றார் டீச்சர்.

அதிரசத் தட்டை மறந்துவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

ஜேசிபி வந்தது. கருவேலத்தைப் பிடுங்கி, குப்பையை வாரி, கால்வாயை அகலமாக்கிக்கொண்டே எங்கள் மூலை வரைக்கும் வந்து நின்றது. மேற்பார்வைக்கு வந்தவரிடம் அப்பா ஆட்சேபணை நகலைக் காட்டினார். அவர் படித்தார். அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்டி திரும்பிப் போயிற்று.

ஆக இப்போது ஏரியிலிருந்து எங்கள் மூலை வரை முப்பதடி. எங்கள் மூலையில் பத்தடி. முன்பாவது தண்ணீர் சிரமப்பட்டு வந்துகொண்டிருந்தது. இனி சௌகரியமாக வந்து முட்டும்.

நவம்பர் 11, திங்கள்

நாலடி முடிந்தது. அடியில் கிராவல் கொட்டி இறுக்கிவிட்டார்கள். வீட்டுக்குள்ளிருந்து என் அறைக்குப் போகும் கதவைத் திறந்தால் கீழே பள்ளம். ஸ்டூல் போட்டு இறங்குகிறேன். பழைய தரையை உடைத்த கப்பியையெல்லாம் பெருமாளின் ஆட்கள் எங்கே கொட்டினார்கள் என்று கேட்டேன். "பின்னால பள்ளத்துலதாம்மா" என்றார். பள்ளம் என்பது கால்வாய். அதைத் திரும்ப அள்ள வைக்க எனக்கு ஒரு முழு நாள் பிடித்தது.

நவம்பர் 14, வியாழன்

விடியற்காலையிலிருந்து கனமழை. பத்து மணிக்கெல்லாம் மூலையில் முட்டிய தண்ணீர் தெருவுக்குத் திரும்பிவிட்டது. முன்பெல்லாம் எல்லா வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் நிற்கும். இந்த முறை எங்கள் வீட்டில் சொட்டுக்கூட இல்லை. ஐந்தடி தூக்கி முடித்த வைத்தியலிங்கம் வீட்டிலும் இல்லை. அப்பா சாய்வு நாற்காலியை வாசலுக்கு நகர்த்திப் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

டீச்சர் வீட்டில் முழங்கால் அளவு.

நானும் பெருமாளின் ஆட்களும் போய் அருளப்பன் சாரைக் கட்டிலோடு தூக்கினோம். அதற்குள் அவர் எழுந்து மின்சார மெயினை அணைக்கத் தண்ணீரில் நடந்து போயிருக்கிறார். கட்டு நனைந்து கறுப்பாக இருந்தது. "நீங்க மேல போயிட்டீங்க. தண்ணி பாவம், வழி கேட்டுக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துருச்சு" என்றார் டீச்சர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

என் அறையிலும் கணுக்கால் வரை. கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறிவிட்டன. அதைப் பற்றி யாரிடமும் புலம்ப முடியவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

அவசரக் கூட்டம். டீச்சர் நேராகக் கேட்டார்: "ஜேசிபி பாதியில ஏன் சார் திரும்பிப் போச்சு?"

"டீசல் இல்லையாம் மேடம்" என்றார் அப்பா.

நான் பேனாவை வைத்திருந்தேன். எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். 'டீசல்' என்று எழுதினேன்.

நவம்பர் 20, புதன்

அருளப்பன் சாருக்கு இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இன்னும் நாலு நாளில் வீட்டுக்கு அனுப்புவார்களாம். மாதக் கடைசியில் புயல் சின்னம் என்று எல்லாத் தொலைக்காட்சியும் சொல்கிறது.

மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்தேன். ஒரே பக்கத்தை மதியம் முழுவதும் பார்த்தேன்.

நவம்பர் 21, வியாழன்

அப்பா மோட்டார் போட்டுவிட்டுத் தொட்டி நிரம்பக் காத்திருந்தார். கேட்டுவிட்டேன்.

"இந்த ரூம் கட்டுறப்பவே இது கால்வாய்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"புறம்போக்குன்னு தெரியும். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கிறதுதான்."

"யாரும் எடுக்கலப்பா. அளந்தாங்களே. நாம மட்டும்தான்."

அப்பா மோட்டார் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கூட்டத்தில் பேசும் குரல் இல்லாமல் பேசினார்.

"நீ பெட்டியோட வந்து இறங்கின. ஹால்ல சுவத்தப் பாத்துப் படுத்துக் கிடந்த. வர்றவன் போறவன்லாம் என்னாச்சு, மாப்பிள்ளை எங்கன்னு உன் தலைமாட்டுல நின்னு கேட்டான். எம் பொண்ணுக்குக் கதவு வச்ச ஒரு ரூம் வேணும்னு தோணுச்சு. வேற எந்தப் பக்கம் எடம் இருந்துச்சு, நீயே சொல்லு."

தொட்டி நிரம்பி வழிந்தது. இருவரும் அணைக்கவில்லை.

"அந்த ஆட்சேபணை எனக்காகவா போட்டீங்க?"

"பின்ன? துவைக்கிற கல்லுக்காகவா?"

ஒரு மாதமாக இவரைத் திட்டித் திட்டிப் பக்கம் நிரப்பியிருக்கிறேன். எழுதிக் கொடுத்தவள் யார் என்று ஒரு பக்கத்திலும் திட்டவில்லை.

"இடிச்சிரலாம்பா" என்றேன். "இப்ப நான் சுவத்தப் பாத்துப் படுக்கிறதில்ல. பேசுறேன்ல?"

"அதிகமாவே பேசுற" என்று மோட்டாரை அணைத்தார்.

நவம்பர் 22, வெள்ளி

ஆட்சேபணையைத் திரும்பப் பெறுவதாகவும், கட்டடத்தை அகற்றச் சம்மதம் என்றும் இரண்டு வரி. அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அலுவலகத்துக்கு நானே கொண்டுபோனேன். சர்வேயர் வாங்கிப் பார்த்தார். "மூணு மனுவும் ஒரே கைதான், இல்லீங்களா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

நவம்பர் 25, திங்கள்

நேற்று முழுவதும் புத்தகம் ஏற்றினோம். நான் பள்ளத்திலிருந்து நீட்ட, அம்மா மேலே கதவில் உட்கார்ந்து வாங்கினாள்.

"இத்தனையும் படிச்சிட்டியா?"

"பாதி."

"மீதி எதுக்கு?"

இன்று காலை ஜேசிபி. டிரைவர் முதலில் தயிர்சாதம் சாப்பிட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு ஏறினார். அறை விழுவதற்கு அவர் சாப்பிட்ட நேரம்கூட ஆகவில்லை. துவைக்கிற கல்லை மட்டும் உடைக்கக் கூடாது என்று அம்மா குறுக்கே நின்றாள். அதை ஜேசிபியின் கரண்டியில் வைத்து, சாமி புறப்பாடு மாதிரி வாசல் பக்கம் கொண்டுவந்து இறக்கினார்கள். பிறகு வண்டி மூலையைத் தாண்டி, மீதிக் கால்வாயையும் வாரிக்கொண்டே போயிற்று.

அப்பா வெளியே வரவில்லை. சத்தம் நின்ற பிறகு வந்து பார்த்தார். "காத்து நல்லா வருது" என்றார்.

நவம்பர் 30, சனி

புயல் கரையைக் கடந்தது. நாள் முழுவதும் பேய் மழை. ஏரி வழிகிறது. மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன்: பழுப்புத் தண்ணீர் மூலைக்கு வந்து, ஒரு சுழி சுழித்து, என் மேஜை இருந்த இடத்தின் வழியாகத் திரும்பிப் போயிற்று.

அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. தெருவில் கணுக்கால் தண்ணீர் நின்றது. டீச்சர் வீட்டு முதல் படியைத் தொட்டது, உள்ளே போகவில்லை.

அப்பா மழைக்கோட்டோடு தெருவில் நின்று, "நாமதான் முதல்ல விட்டுக் குடுக்கணும், அப்பத்தான் ஊரு திருந்தும்" என்று வைத்தியலிங்கத்துக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மேலே நின்று தலையில் அடித்துக்கொண்டேன். இவரை என்ன செய்வது.

டிசம்பர் 3, செவ்வாய்

சங்கத்தின் சார்பில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். ரெஜினா டீச்சரின் யோசனை. அதைக் கேட்டதும் எதிர்வீட்டுக்குப் போய்விட்டேன்.

"வாடி, இப்பத்தான் உன்னப் பத்திப் பேசிட்டிருந்தோம்" என்றார் டீச்சர். அருளப்பன் சார் கட்டிலில் இருந்தார். மேஜையில் பஞ்சு, மருந்து, கட்டுத் துணி.

நின்றுகொண்டே சொன்னேன். அம்புக்குறி எங்கள் சுவரில்தான் இருந்தது, ஜேசிபியை நிறுத்தியது டீசல் இல்லை, ஒரு ஆட்சேபணை, அதை எழுதியவள் நான். கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவளும் நான்.

டீச்சர் மருந்து பாட்டிலின் மூடியைத் திரும்ப மூடினார்.

"எந்தத் தேதி எழுதின?"

"அக்டோபர் பதினஞ்சு."

கணக்கு டீச்சர். அவர் முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது. அக்டோபர் பதினைந்து, ஜேசிபி திரும்பிய நாள், மழை, மருத்துவமனை. எந்த வரியில் தப்பு நடந்தது என்று கண்டுபிடித்ததும் பிள்ளைகளின் நோட்டில் வட்டம் போடுவாரே, அப்படி என்னைப் பார்த்தார்.

"ரெஜினா, விடு" என்றார் சார். "செருப்பு ஒரு சைஸ் கொறச்சலா வாங்கலாம், அவ்ளோதான்."

"நீங்க சும்மா இருங்க." என்னைப் பார்த்து, "கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு வா" என்றார்.

கழுவிவிட்டு வந்தேன். கட்டிலின் கால்மாட்டில் என்னை உட்கார வைத்தார். அருளப்பன் சாரின் காலைத் தூக்கி என் இரண்டு கைகளிலும் வைத்தார். கனமாக, சூடாக இருந்தது. கட்டைப் பிரிக்க ஆரம்பித்தார். கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டிருந்தது. மருந்துத் தண்ணீர் ஊற்றி மெல்ல இழுத்தார். சார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"அங்க என்ன பாக்குற? இங்க பாரு" என்றார் டீச்சர்.

பார்த்தேன். அவர் துடைத்து முடிக்கும்வரை பார்த்தேன்.

புதுக் கட்டு போட்டதும் காலைத் தலையணைமேல் வைத்தேன். டீச்சர் பழைய பஞ்சைக் காகிதத்தில் சுருட்டினார்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்தணும். எனக்கு ஒத்தக் கைல முடியல. வியாழக்கிழமை காலையில வந்துடு" என்றார். பொன்னாடை பற்றி அப்புறம் பேச்சே இல்லை.